மீச்சிற்றளவு

ஜூன் 3, திங்கள்

கண் ஆஸ்பத்திரியில் எட்டு மணிக்கு டோக்கன் வாங்கினேன். பதினொன்றே காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று போன மாதமே சொல்லிவிட்டார்கள். இன்று ஆபரேஷனுக்கு நாள் குறிக்கத்தான் போனேன். குறிக்கவில்லை.

நாள் குறிப்பதற்கு முன் பிரஷர் பார்க்க வேண்டுமாம். ஒரு பெண் ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றி, 178/100 என்று சீட்டில் எழுதினாள்.

"துணிக்கு மேல சுத்தினா எப்படிம்மா சரியா வரும்?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் அப்படித்தான் பாக்கோம், பாட்டி."

நான் யாருக்கும் பாட்டி இல்லை.

டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. சீட்டைப் பார்த்தார். "இவ்வளவு பிரஷரை வச்சுக்கிட்டு கண்ணைத் தொட முடியாதும்மா. நல்ல மெஷின் ஒண்ணு வாங்கி, ரெண்டு வாரம் வீட்டிலேயே காலையும் சாயங்காலமும் பார்த்து எழுதிட்டு வாங்க. நூத்தி நாப்பதுக்குள்ள இருந்தா உடனே பண்ணிடலாம். கூடுதலா இருந்தா மாத்திரை எடுத்துக் குறைச்சுட்டுப் பண்ணலாம். ஆபரேஷன் அன்னிக்கு சொந்தத்துல ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணும். யார் இருக்காங்க?"

"ஒரு மகள். கோயம்புத்தூர்ல."

"வருவாங்கல்ல?"

அது கண் சம்பந்தப்பட்ட கேள்வி அல்ல. சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

இந்த வரிகளைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் எழுதுகிறேன். கான்வென்டில் மதர் யூஜினி பழக்கிய கையெழுத்து, கோடு போடாத தாளிலும் கோணாது. இப்போது கோடு போட்ட தாளிலேயே கோணுகிறது. கண் இல்லாவிட்டால் இதுவும் போய்விடும். அப்புறம் யாராவது வந்து எனக்குக் கடிதம் படித்துக் காட்ட வேண்டும், அரிசியில் கல் பொறுக்க வேண்டும். அந்த நிலைக்கு நான் வருவதாக இல்லை.

நல்ல மெஷினாம். கெட்ட மெஷின் என்ன செய்யும் என்று இந்த வீட்டுக்குத் தெரியும்.

ஜூன் 4, செவ்வாய்

மார்க்கெட் பக்கம் நிஷாவின் மருந்துக்கடைக்குப் போனேன். எல்லாக் கடை டிவியிலும் ஓட்டு எண்ணிக்கை. கூட்டத்தை விலக்கி ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். ரஹ்மத் நிஷா என் பழைய மாணவி. மகளிர் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்திரண்டு வருஷம் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவள் நான். பாதி பாளையங்கோட்டை என்னை இன்னும் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறது.

"மிஸ், எங்கிட்ட மெஷின் வாங்க நீங்க வாரியளா! என் ரெக்கார்டு நோட்டைத் தூக்கி ஜன்னலுக்கு வெளிய எறிஞ்சியளே, ஞாபகம் இருக்கா?"

"எறியல. மேசை மேல போட்டேன். காத்துல போச்சு."

"மூணு மாடி காத்துல போச்சு!" என்று கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தாள்.

எறிந்தால்தான் என்ன? மரச் சட்டத்தின் நீளத்தை ஸ்கேலால் அளந்து 14.37 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தாள். அந்த ஸ்கேலில் மில்லிமீட்டருக்குக் கீழ் கோடே கிடையாது. ஒரு கருவி எவ்வளவு சிறியதை அளக்குமோ அதுதான் அதன் மீச்சிற்றளவு. அதற்கும் கீழே ஓர் எண்ணை ஒருத்தி எழுதினால், அவள் அளக்கவில்லை, விடுதியில் படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள் என்று அர்த்தம். இந்த ஒரு விதியை வைத்தே எத்தனையோ திருட்டு நோட்டுகளைப் பிடித்திருக்கிறேன். என் கண்ணுக்கு ஒருத்தியும் தப்பியதில்லை.

நிஷா முதலில் மணிக்கட்டில் கட்டுகிற மெஷினை எடுத்தாள். "இதுதான் மிஸ் இப்ப எல்லாரும் வாங்குதாங்க. கைக்கடிகாரம் மாதிரி."

மணிக்கட்டைத் தாழ்த்தினால் ஓர் எண், உயர்த்தினால் இன்னோர் எண். நெஞ்சுயரத்தில் ஆடாமல் பிடித்திருக்க என்னால் முடியும், எல்லோராலும் முடியாது. வேண்டாம் என்றேன். புஜத்தில் கட்டுவதை எடுத்தாள். எத்தனை சுற்றளவுக்கு இந்தப் பட்டை என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. பெட்டியைத் திருப்பிப் படித்தாள். 22 முதல் 32 சென்டிமீட்டர்.

"உங்க கை எவ்வளவு மிஸ்?"

"அளந்துட்டு வாரேன்."

"திருந்தவே மாட்டிய," என்றாள்.

ஜூன் 5, புதன்

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, தையல் டேப்பால் மூன்று முறை. 33.5 சென்டிமீட்டர்.

பட்டை சிறியதானால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். ஆக, ஆஸ்பத்திரியில் எனக்குப் பிரஷர் இல்லை, அவர்களிடம் சரியான பட்டை இல்லை. நிஷாவுக்குப் போன் செய்து பெரிய பட்டை வரவழைக்கச் சொன்னேன்.

ஜூன் 6, வியாழன்

பெரிய பட்டையும் மெஷினும் வந்தன. திரையில் எண்கள் கட்டை விரல் அளவுக்குத் தெரிகின்றன. அது ஒன்று நல்லது. கையேட்டைப் பூதக்கண்ணாடி வைத்து முழுக்கப் படித்தேன். தமிழ்ப் பக்கத்தில் எட்டு எழுத்துப்பிழை.

முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய, கை மேசைமேல் நெஞ்சுயரத்தில், ஐந்து நிமிஷம் சும்மா இருந்து, பேசாமல் அளந்தேன். 172/98. மறுபடி 169/95. மறுபடி 161/93.

ஒரே கை, ஒரே நாற்காலி, பத்து நிமிஷத்துக்குள் மூன்று விடை. மூன்றையும் கூட்டிச் சராசரி எடுப்பதுதான் முறை. ஆனால் புது மெஷின், பதற்றம், வெளியே லாரி வேறு. கடைசி அளவுதான் அமைதியாக எடுத்தது. 161/93 என்று எழுதினேன்.

ஜூன் 7, வெள்ளி

காலை 157/91. மாலை 153/90.

காலையில் நான்கு முறை, மாலையில் ஆறு முறை அளக்க வேண்டியிருந்தது.

ஜூன் 8, சனி

குழம்பில் உப்பைப் பாதியாக்கச் சொன்னேன். செல்லக்கனி இந்த வீட்டில் பதினெட்டு வருஷமாகச் சமைக்கிறாள். வாய் மட்டும் இன்னும் வெந்தபாடில்லை.

"ஐயாவுக்குப் போட்ட சட்டத்தை இப்ப உங்களுக்கே போட்டுக்கிடுதியளாக்கும்?"

"அவருக்குப் போட்டது நல்லதுக்கு."

"நல்லதுக்குத்தான்," என்றாள். குரல் சரியில்லை.

எழுதிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் கணவருக்குப் பிரஷர் இருப்பது தெரிந்தது. மகள் சங்கரி கோயம்புத்தூர் நூற்பாலையில் நூலின் தரம் பரிசோதிக்கும் வேலையில் இருந்தாள், இப்போதும் இருக்கிறாள். அவள்தான் பாதரச மெஷினும் ஸ்டெதஸ்கோப்பும் வாங்கி வந்து, அப்பாவை உட்கார வைத்துப் பழக்கினாள். முதல் ஒன்பது நாள் நானே அளந்தேன். நூற்று அறுபதுக்குக் குறையவில்லை. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாவற்றையும் நிறுத்தினேன். சாயங்காலம் சீட்டு விளையாடப் போவதையும் நிறுத்தினேன், அங்கே வடை வாங்கித் தின்பார்கள். பத்தாம் நாள் அவர், "உன் கை பட்டாலே ஏறிருது. நானே பாத்துச் சொல்லுதேன், நீ எழுதிக்கோ," என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து இறங்கிவிட்டது. தினமும் முன்னறையிலிருந்து எண்ணைச் சொல்வார். நான் அடுப்படியில் நோட்டை வைத்துக்கொண்டு எழுதுவேன். உப்பைக் குறைத்த பலன் என்று நாலு பேரிடம் சொன்னேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு நாள் காலை ஏழு மணிக்கு 127/83 எழுதினேன். பத்து மணிக்குக் குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் 220/130 என்றார்கள். மூளையில் ரத்தக்கசிவு. மூன்று நாள்.

மூன்று மணி நேரத்தில் எந்த மனிதனுக்கும் அவ்வளவு ஏறாது. மெஷின் பொய் சொல்லியிருக்கிறது. பதினாறாம் நாள் விசேஷத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது சங்கரியிடம் சொன்னேன்: "நீ வாங்கிக் கொடுத்த மெஷின்தான் உங்க அப்பாவைக் கொன்னுது." அன்று சாயங்கால ரயிலுக்குப் போனவள். பொங்கலுக்கு ஒரு போன், தீபாவளிக்கு ஒரு போன். நான் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை. சங்கரி போன் செய்தாள். செல்லக்கனியின் வேலை.

"கண் ஆஸ்பத்திரிக்குப் போனீங்களாமே. பிரஷர் இருக்குன்னு சொன்னாங்களாம்."

"அவங்க பட்டை சின்னது. வீட்டுல பாத்தா ஒண்ணும் இல்ல."

"எவ்வளவு இருக்கு?"

"நூத்தி முப்பத்தொண்ணு. கீழ எண்பத்தி மூணு."

"எப்ப பாத்தீங்க?"

"இப்பத்தான்."

"அப்பா மாதிரியே சொல்லுதீங்க," என்றாள். என்ன அர்த்தத்தில் சொன்னாளோ. வைத்துவிட்டாள்.

மெஷின் அப்போது பீரோவுக்குள் இருந்தது. காலையில் பார்த்தது இதைவிடச் சற்றுக் கூடுதல்தான். தூரத்தில் இருப்பவளிடம் எல்லாவற்றையும் சொல்லி என்ன ஆகப் போகிறது?

ஜூன் 10, திங்கள்

காலை 166/95. ஏழு முறை அளந்தும் இதற்குக் கீழே வரவில்லை. இந்த மெஷினையும் நம்ப முடியாது. நாளை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஜூன் 11, செவ்வாய்

பழைய பாதரச மெஷினையும் பரணிலிருந்து இறக்கித் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். பொய் சொல்கிற மெஷின் எப்படி இருக்கும் என்று நிஷாவுக்குக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

நிஷா பெட்டியைத் திறந்து, "மிஸ், இது சிங்கம்லா!" என்றாள். பக்கத்துக் கிளினிக்கிலிருந்து டெய்சி என்ற நர்ஸைக் கூப்பிட்டாள். ஐம்பது வயது இருக்கும், வேலை தெரிந்தவள். பாதரசம் சைபரில் நிற்கிறதா என்று குனிந்து கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தாள். அதிலேயே எனக்கு அவள்மேல் மரியாதை வந்துவிட்டது.

"பழைய பட்டை உங்க கைக்குப் பத்தாது மிஸ். எங்க பெரிய பட்டையை இதுல மாட்டிருதேன்," என்றாள்.

ஒரே கையில், ஒரு முறை பாதரசம், ஒரு முறை புதியது என்று மாற்றி மாற்றி மும்மூன்று தடவை. டெய்சி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். புதியது 167/95. பாதரசம் சொல்லும்போது தெருவில் பஸ் போனது, சரியாகக் கேட்கவில்லை.

"அறுபத்தஞ்சா, அறுபத்தாறா?" என்று கேட்டேன்.

"அறுபத்தஞ்சுன்னு இதுல கோடே கிடையாதே மிஸ். ரெண்டு ரெண்டாத்தான போட்டிருக்கு. அறுபத்தாறு."

நிஷா கை தட்டினாள். "யா அல்லாஹ், மிஸ்ஸுக்கே மீச்சிற்றளவு பாடமா! எங்க, அந்த நோட்டைக் கொடுங்க, ஜன்னலுக்கு வெளிய எறியணும்!"

ஆறு அளவையும் வைத்துப் பார்த்தால் இரண்டு மெஷினுக்கும் வித்தியாசம் இரண்டைத் தாண்டவில்லை. "பழசுல ஒரு குத்தமும் இல்ல மிஸ்," என்றாள் டெய்சி. "பத்திரமா வச்சுக்கிடுங்க."

வெயிலில் போனதால் தலை சுற்றியது. இரண்டையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பினேன். புதியதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஜூன் 12, புதன்

எழுத ஒன்றுமில்லை. அளக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

என் கணவருடைய பிரஷர் நோட்டை எடுத்தேன். பிரவுன் அட்டை போட்டது, லேபிளில் என் எழுத்து. பூதக்கண்ணாடியோடு காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தேன், எழுந்தபோது மணி ஒன்று.

முதல் ஒன்பது நாள், நான் அளந்தவை: 162/96, 160/94, 164/98, இப்படி. எல்லாம் இரட்டைப்படை. இரண்டு இரண்டாகக் கோடு போட்ட மெஷினில் வேறு எதுவும் வராது.

பத்தாம் நாளிலிருந்து: 127/83. 129/81. 131/85. 127/79. 133/83.

இருநூற்றுப் பதினான்கு நாள். மேல் எண்ணிலோ கீழ் எண்ணிலோ ஒற்றைப்படை இல்லாத நாள் ஏழுதான். 120, 130 என்று ரவுண்டாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும் என்று நினைத்திருப்பார். அந்த அளவுக்கு என்னைத் தெரிந்துவைத்திருந்தார். மெஷினைத்தான் தெரிந்துவைத்திருக்கவில்லை.

இருநூற்றுப் பதினான்கு நாளும் என் கையெழுத்து. ஓர் அடித்தல் இல்லை, ஒரு கோணல் இல்லை. மதர் யூஜினி பார்த்தால் நட்சத்திரம் போட்டிருப்பார்.

ஜூன் 14, வெள்ளி

செல்லக்கனியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். பயந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் உட்காரச் சொன்னதில்லை.

"ஐயா பிரஷர் பாக்கதை நீ பாத்திருக்கியா?"

"எதுக்கு இப்ப கேக்கிய?"

"பாத்திருக்கியா, இல்லையா?"

"அந்தப் பெட்டி மேல காப்பி டம்ளரை வச்சுக்கிட்டு பேப்பர் படிப்பாவ. நீங்க அடுப்படியில இருந்து 'எவ்வளவு'ம்பிய. அவிய பேப்பர்ல இருந்து கண்ணை எடுக்காம ஒரு நம்பரைச் சொல்லுவாவ. அம்புட்டுத்தான்."

"ஏன் நீ எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா?" என்றாள். "கூடிப்போச்சுன்னு தெரிஞ்சா அன்னைக்குப் பொழுதுக்கும் அவியளுக்கு வசவுதான. அது திங்காத, இங்க போவாத, உங்க குணமே இப்படித்தான்னு. நீங்க ஏசுதது தெருமுனை வரைக்கும் கேக்கும். மனுசன் நிம்மதியா நாலு இட்லி திங்கதுக்குத்தான் அந்த நம்பரு."

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 15, சனி

செல்லக்கனி வந்தாள். காப்பி போட்டாள். வாங்கிக் குடித்தேன். குழம்பில் உப்பு எப்போதும் போல இருந்தது. அதையும் ஊற்றிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் ஒரு தாளில் சங்கரிக்குச் சொல்ல வேண்டியதை எழுதினேன். ஒரே வாக்கியம். நான்கு முறை திருத்தினேன்.

ஜூன் 16, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு நானே போன் செய்தேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

"அம்மா? என்னாச்சு?"

நான் கூப்பிட்டால் எனக்கு ஏதாவது ஆகித்தான் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

"ஒண்ணும் ஆகல. நீ வாங்கிக் கொடுத்த பாதரச மெஷினைச் சரிபாத்தேன். அதுல தப்பு இல்ல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அப்பா அளக்கவே இல்லைன்னு தெரியும். பதினாறாம் நாள் காலையில சாமான் ஒதுங்க வைக்கும்போது அந்த நோட்டைப் பாத்தேன். பூரா ஒத்தைப்படை. நான் ஏழாங்கிளாஸ் படிக்கும்போது நீங்கதானம்மா ஸ்கேலை வச்சு எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க, கருவியில கோடு இல்லாத நம்பர் பொய்யின்னு. அன்னிக்கு மத்தியானம் அத்தனை பேர் முன்னால நீங்க என்னைச் சொல்லும்போது நோட்டு என் கையிலதான் இருந்தது."

"அப்பவே விரிச்சுக் காட்டியிருக்கலாமே."

"காட்டியிருக்கலாம். நோட்டு பூரா உங்க கையெழுத்தா இருந்தது."

தாள் என் கையில்தான் இருந்தது. எழுத்து தெரியவில்லை. பூதக்கண்ணாடி உள்ளறை மேசையில். எழுதியவள் நான்தான், ஒரே வாக்கியம்தான், ஆனாலும் அதைப் பார்க்காமல் சொல்ல எனக்கு வரவில்லை.

"கண் ஆபரேஷனுக்குச் சொந்தத்துல ஒருத்தர் கையெழுத்துப் போடணுமாம்," என்றேன்.

"ம்."

"உனக்கு லீவு கிடைக்குமான்னு தெரியல."

"இன்னிக்கு பிரஷர் எவ்வளவு?"

"நூத்தி முப்பத்தி மூணு." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அம்மா, மெஷினை எடுத்து வச்சுப் பாத்துச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பீரோவைத் திறந்து எடுத்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, பட்டையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்தேன். அளக்கும்போது பேசக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும். போனில் அவள் வீட்டு மின்விசிறிச் சத்தமும், எங்கோ குக்கர் விசிலும் கேட்டன. ஒரே ஒரு முறை அளந்தேன்.

"நூத்தி எழுபத்தி மூணு. கீழ தொண்ணூத்தி ஒம்பது."

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"டாக்டர்கிட்ட இதைக் காட்டுங்க. மாத்திரை குடுப்பாங்க. பிரஷர் இறங்கி, நாள் சொன்னதும் சொல்லுங்க. வந்து கையெழுத்துப் போட்டுட்டு அன்னிக்கே கிளம்பிருவேன்."

"ஒரு நாள் தங்கலாமே."

"கையெழுத்துப் போட வாரேன்மா," என்றாள். வைத்துவிட்டாள்.

தாளைக் கிழிக்கவில்லை. அவள் வரும்போது பூதக்கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மத்தியானம் இந்த நோட்டைத் திருத்தினேன். மதர் யூஜினியிடம் ரப்பர் கிடையாது. பிழையை ஒரே கோட்டால் அடிக்க வேண்டும், அடித்தது இன்னதென்று பிறருக்குத் தெரிய வேண்டும், பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். ஜூன் 6 முதல் எழுதிய அளவுகளை அப்படி அடித்தேன். திரையில் முதலில் வந்த எண்களை மெஷினே ஞாபகம் வைத்திருக்கிறது. ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பக்கத்தில் எழுதினேன்.

பிறகு அவருடைய நோட்டை எடுத்து, முதல் 127-இன் மேல் பேனாவை வைத்தேன். எடுத்துவிட்டேன். பக்கத்தில் எழுதச் சரியான எண் என்னிடம் இல்லை.